அறுபது அடி

தலைவர் அவர்களே, விழாக் குழுவினரே, பிள்ளைகளை ஒரு இடத்தில் உட்காரவைக்க முடியாமல் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, தந்தையரே, எல்லோருக்கும் வணக்கம்.

சற்று முன் இந்த மேடையில் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்குச் சால்வை போர்த்தினோம். நியூ ஜெர்சியில் தமிழ் விழா என்றால் பரதநாட்டிய ஆசிரியருக்குச் சால்வை உண்டு, பாட்டு ஆசிரியருக்கு உண்டு, தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்குக் கட்டாயம் உண்டு. பேஸ்பால் கோச்சுக்குப் போடுவது புதுசு. சால்வை வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல் தமிழ் தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்துக்காரரிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அவர்களுடைய சிரிப்பு அரை நிமிடம் கழித்துத்தான் வரும். நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

என்னை லிட்டில் லீக், அதாவது பிள்ளைகள் பேஸ்பால் ஆடும் அமைப்பு, அதன் வரலாறு பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த வருடம் எந்த ஊர் ஜெயித்தது என்பதெல்லாம் உங்கள் பிள்ளைகளே போனில் தட்டிச் சொல்லிவிடுவார்கள். நான் ஒரு ஆளைப் பற்றிப் பேசுகிறேன். அவரைச் சாக்காக வைத்துக்கொண்டு, இங்கே சால்வை வாங்கியவர்கள் வாரா வாரம் உண்மையில் செய்யும் வேலை என்ன என்று கொஞ்சம் யோசிப்போம். பந்து பிடிக்கவும் அடிக்கவும் சொல்லித்தருவது அதில் பாதிகூட இல்லை என்பது என் கட்சி.

அந்த ஆளின் பெயர் கார்ல் ஸ்டாட்ஸ், லிட்டில் லீக்கைத் தொடங்கியவர். 1910-ல் பிறந்தவர். ஊர் வில்லியம்ஸ்போர்ட், பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மர வியாபாரத்தில் கொழித்த ஊர். காடுகள் தீர்ந்ததும் பணமும் தீர்ந்தது. 1930-களில் பொருளாதார மந்தம் வேறு. ஸ்டாட்ஸ் ஒரு சாதாரணச் சம்பளக்காரர். பெரிய விளையாட்டு வீரர் அல்ல, பள்ளி ஆசிரியர்கூட அல்ல. அவருக்குப் பிறந்தவை பெண் குழந்தைகள். ஆனால் அவரோடு பந்து விளையாட இரண்டு பையன்கள் இருந்தார்கள், உறவில் மருமகன் முறை.

1938-ல் ஒருநாள் அந்தப் பையன்களோடு வீட்டுப் பக்கத்தில் பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருக்கிறார். எட்டாமல் போன பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினவர், வெட்டிவிட்டிருந்த லைலாக் செடியின் கட்டையில் காலைச் சிராய்த்துக்கொண்டார். வலியோடு அப்படியே உட்கார்ந்தார். அப்போது அவருக்குத் தன் சின்ன வயசு ஞாபகம் வந்ததாம். பெரிய பையன்கள் விளையாடும் காலி மனைக்குப் போனால் சின்னவர்களுக்கு முறை கிடைக்காது. கிடைத்தாலும் டேப் சுற்றிய பழைய பந்து, உடைந்து ஆணி அடித்த பேட். இந்தப் பையன்களுக்கும் அதே கதிதானே என்று நினைத்திருக்கிறார். உடனே அவர்களிடம் கேட்டார்: உங்களுக்கென்று ஒரு டீம், சீருடை, நீங்கள் தூக்கக்கூடிய கனத்தில் பேட், ஆட்டத்துக்கு ஒரு புதுப் பந்து, இதெல்லாம் இருந்தால் எப்படி இருக்கும்? பையன்கள் உடனே மடக்கிவிட்டார்கள். எதிரே விளையாட யார் இருக்கிறார்கள், பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார்களாம். நல்ல கேள்விதான்.

இந்த இடத்தில் ஸ்டாட்ஸ் செய்ததுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகப் பெரிய சாதனை. அது ஒரு அளவெடுக்கும் வேலை.

பேஸ்பாலில் ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு மூலைகளுக்கு பேஸ் என்று பெயர். பெரியவர்களின் மைதானத்தில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. பிட்சர் 60 அடி 6 அங்குலத்திலிருந்து பந்து வீசுகிறார். மூன்றாம் பேஸில் நிற்பவர் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிய வேண்டுமானால் மூலைக்கு மூலை 127 அடி. பத்து வயதுப் பையனை அங்கே நிற்கவைத்துப் பாருங்கள். அவன் எறியும் பந்து தரையில் இரண்டு முறை குதித்துப் போய்ச் சேர்வதற்குள் ஓடுகிறவன் முதல் பேஸில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். யாருமே அவுட் ஆக மாட்டார்கள். அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, கை மறைகிறதே என்று பிள்ளையைத் திட்டுவது போன்ற காரியம் அது. ஸ்டாட்ஸ் சட்டையை வெட்டினார். அக்கம்பக்கத்துப் பையன்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் விளையாடவிட்டு, பேஸ்களை இங்கே வைத்து, அங்கே நகர்த்தி, ஓட்டமும் எறிதலும் எந்தத் தூரத்தில் சரிக்குச் சரியாக வருகின்றன என்று பார்த்தார். கடைசியில் வந்து நின்றது 60 அடி. பெரிய மைதானத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. மூலைக்கு மூலை 85 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தத் தூரத்தில் மூன்றாம் பேஸ் பையன் ஒழுங்காகப் பிடித்து ஒழுங்காக எறிந்தால் ஓடுகிறவன் அவுட். கொஞ்சம் தடுமாறினால் தப்பித்துவிடுவான். பெரியவர்கள் ஆட்டத்தில் இருக்கும் அதே பரபரப்பு, பத்து வயதுக் கைகளுக்கு எட்டும் அளவில்.

எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை உங்கள் பிள்ளை ஓடிய மைதானத்திலும் அந்த 60 அடிதான். பிட்சருக்கு இப்போது 46 அடி. ஒன்பது இன்னிங்ஸ் கிடையாது, ஆறுதான்.

சரி, அளவு கிடைத்துவிட்டது. பணம்? ஸ்டாட்ஸ் ஊரில் கடை கடையாக, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். பலரும் கையை விரித்தார்கள். கடைசியில் லைக்கோமிங் டெய்ரி என்ற பால் கம்பெனி 30 டாலர் தந்தது. அப்புறம் லண்டி லம்பர் என்ற மரக்கடை, ஜம்போ பிரெட்சல் என்ற முறுக்குக் கம்பெனி. பிரெட்சலை முறுக்கு என்று சொல்லலாமா என்று முன்வரிசையில் யோசிக்கிறார்கள், சொல்லலாம். ஆக மூன்று டீம். ஸ்டாட்ஸும், ஜார்ஜ் பெபிள், பெர்ட் பெபிள் என்ற அண்ணன் தம்பிகளும் ஆளுக்கொரு டீமுக்குப் பொறுப்பு. மூன்று பேரின் மனைவிமாரும் நிர்வாகத்தில் இருந்தார்கள். பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை மேனேஜர் என்பார்கள், துணைக்கு இருப்பவர்தான் கோச். அன்றைக்கு அந்த வித்தியாசம் பார்க்க ஆளே இல்லை. கோடு போடுவது முதல் பேட் பொறுக்குவது வரை எல்லாம் அவர்களே.

1939 ஜூன் 6-ம் தேதி முதல் ஆட்டம். லண்டி லம்பர் 23, லைக்கோமிங் டெய்ரி 8. இந்த ஸ்கோரை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பிள்ளை 23-8 என்று தோற்று வந்த அன்று வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அப்பாக்கள் கவனிக்கவும். லிட்டில் லீக் பிறந்ததே அந்த ஸ்கோரில்தான். தோற்ற லைக்கோமிங் டெய்ரி அந்த சீசனின் முதல் பாதியில் முதலிடம் பிடித்து, இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தை 3-2 என்று ஜெயித்தது.

அதற்குப் பிறகு வளர்ச்சி. முதலில் மெதுவாக, பக்கத்து ஊர்களுக்கு மட்டும். 1947-ல்தான் பென்சில்வேனியாவை விட்டு வெளியே முதல் லீக் வந்தது. எங்கே தெரியுமா? நம் நியூ ஜெர்சியில், ஹாமன்டனில். புளூபெர்ரி வாங்கப் போகிறோமே, அதே ஹாமன்டன். இரண்டே வருடத்தில், 1949-ல், அந்த ஊர்ப் பையன்கள் தேசியக் கோப்பையையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைதட்டலாம், தப்பில்லை.

அந்தத் தேசியப் போட்டியை 1947-ல் ஆரம்பித்து வைத்ததும் ஸ்டாட்ஸ்தான். இன்று உலகத் தொடர் என்று ஆகஸ்டு மாதம் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அதன் ஆரம்பம். முதல் இறுதி ஆட்டத்தில் வில்லியம்ஸ்போர்ட்டின் மேனார்ட் டீம் லாக் ஹேவன் டீமை 16-7 என்று ஜெயித்தது. இரண்டும் ஒரே மாநிலம், பக்கத்துப் பக்கத்து ஊர். 1948-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனி பெரிய புரவலராக உள்ளே வந்தது. அதில் ஒரு நன்மை இருந்தது. இரும்பு முள் வைத்த ஷூவில் பிள்ளைகள் சறுக்கிவந்து ஒருவர் காலை ஒருவர் கிழித்துக்கொள்ளும் ஆபத்து இருந்தது. ரப்பர் முள் வைத்த ஷூ வந்தது. 1949-ல் ஒரு தேசியப் பத்திரிகையில் கட்டுரை வந்ததும் நாடு முழுக்கக் கடிதங்கள் குவிந்தன, எங்கள் ஊரிலும் ஆரம்பிப்பது எப்படி என்று.

கதை இங்கே திரும்புகிறது. கம்பெனி நிர்வாகியான பீட்டர் மெக்கவர்ன் 1952-ல் தலைவர் ஆனார். ஸ்டாட்ஸுக்கு கமிஷனர் என்ற பதவி. வணிகம் அதிகமாகிறது, பெரிய போட்டிக்குத் தரும் முக்கியத்துவம் உள்ளூர் லீக்குகளை விழுங்குகிறது, தொண்டர்களின் குரல் தலைமையகத்தில் கேட்பதில்லை என்று ஸ்டாட்ஸ் வாதாடினார். 1955-ல் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். தான் பெற்ற பிள்ளையை விட்டு ஸ்டாட்ஸ் வெளியே வந்தார். அப்போது அவருக்கு 45, 46 வயது.

இதில் ஸ்டாட்ஸ் பக்கம் மட்டும்தான் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பயந்த அதே பெரிய போட்டிக்கு 1957-ல் மெக்சிகோவின் மான்டெரியிலிருந்து ஒரு டீம் வந்தது. ஏழைப் பையன்கள். எல்லைப் பாலத்தை நடந்தே கடந்து டெக்சஸுக்குள் வந்தார்கள். பயிற்சியாளர் சீசர் ஃபாஸ். எதிரணிப் பையன்கள் இவர்களைவிடத் தலை உயரம் கூடுதல். இறுதி ஆட்டத்தில் ஏஞ்சல் மசியாஸ் என்ற 12 வயதுப் பையன் கலிபோர்னியாவின் லா மேசா டீமுக்கு எதிராக 18 பேரைத் தொடர்ந்து அவுட் ஆக்கினான். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து ஜெயித்த முதல் டீம் அது. ஸ்டாட்ஸ் கனவு கண்ட மாதிரி எல்லாம் ஊருக்குள்ளேயே நின்றிருந்தால் மசியாஸை யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆனால் 1955-ஐயும் மறக்கக் கூடாது. ஸ்டாட்ஸின் வழக்கு வந்த அதே வருடம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. என்ற கறுப்பினச் சிறுவர்களின் டீம் மாநிலப் போட்டிக்குப் பதிவு செய்தது. அவர்களோடு விளையாட மாட்டோம் என்று 61 வெள்ளையர் டீம்கள் விலகிக்கொண்டன. எதிராளியே இல்லாததால் அந்தப் பையன்கள் மாநிலச் சாம்பியன். ஆனால் விளையாடி ஜெயிக்காமல் மேலே போக முடியாது என்பது விதி. வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தாளிகளாக மட்டும் அழைத்தார்கள். பஸ்ஸில் வந்து, மைதானத்தில் கொஞ்ச நேரம் பந்து பிடித்துக் காட்டிவிட்டு, பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். கூட்டம் சும்மா இருக்கவில்லை, அவர்களை விளையாடவிடு என்று கத்தியது. விடவில்லை. பிள்ளைகளுக்குள் அங்கே எந்தப் பிரச்சினையும் இல்லை. பிரச்சினை செய்தவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள்.

சரி, ஸ்டாட்ஸ் என்ன ஆனார்? நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன். போட்டிக்கு இன்னொரு தேசிய அமைப்பு ஆரம்பித்திருப்போம். நம் ஊர்ச் சங்கங்கள் எப்படி இரண்டாகின்றன என்று உங்களுக்குத் தெரியாதா! (தலைவர் என்னைப் பார்க்கிறார், மேலே போகிறேன்.) ஸ்டாட்ஸ் ஊரில் இருந்த அந்தப் பழைய லீக்குக்கே திரும்பினார். அது தாய் அமைப்பிலிருந்து பிரிந்து ஒரிஜினல் லீக் என்ற பெயரில் தனியாக நின்றது. சில டீம்கள், ஒரு பூங்கா, பக்கத்துத் தெருப் பிள்ளைகள். 1939-ல் எவ்வளவு இருந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆற்றுக்கு அக்கரையில், தெற்கு வில்லியம்ஸ்போர்ட்டில், 1959 முதல் மலைச்சரிவை ஒட்டிய பெரிய லமேட் அரங்கத்தில் உலகத் தொடர் நடக்கிறது. பல்லாயிரம் பேர் வருகிறார்கள். புல் சரிவில் பிள்ளைகள் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சறுக்குகிறார்கள். இக்கரையில் அந்தச் சின்ன லீக். 1992-ல் இறக்கும் வரை ஸ்டாட்ஸின் உறவு இக்கரையோடுதான். உலகத் தொடரின் முதல் 12 வருட ஆட்டங்கள் நடந்த அந்தப் பழைய மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிய அமைப்பைத் தொடங்கியவர் என்று அவரைப் புகழ்வார்கள். புகழட்டும். எனக்கு அந்த இரண்டாம் பகுதிதான் பிடித்திருக்கிறது. கையில் இருந்த பெரியது போன பிறகும், சின்னதைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு அதோடு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். ஒரு உள்ளூர்ப் பயிற்சியாளரின் வேலை இதுதான் என்பேன். ஆட்டம் பிள்ளையின் அளவைவிட்டுப் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது. பெரிதாக்கத்தான் சுற்றி இத்தனை பேர் இருக்கிறோமே.

உதாரணத்துக்குக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்சரின் கையை. வளரும் வயதில் முழங்கை எலும்பின் நுனியில் இன்னும் கெட்டிப்படாத குருத்துப் பகுதி இருக்கும். அதே அசைவில் நூறு முறை இழுத்தால் அது புண்ணாகும், சில சமயம் பிய்ந்துகொள்ளும். 1960-லேயே மருத்துவர்கள் இதற்கு லிட்டில் லீக் எல்போ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அமைப்பின் பெயர் ஒரு நோய்க்கு வந்தது வருத்தமான விஷயம். 1974-ல் டாமி ஜான் என்ற தொழில்முறை பிட்சருக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முழங்கையில் தசைநார் மாற்று அறுவை செய்தார். ஜான் திரும்பி வந்து இன்னும் 164 ஆட்டங்கள் ஜெயித்தார். அப்போது அது அதிசயம். இன்று அதே அறுவையை உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் செய்துகொள்கிறார்கள்.

முன்பெல்லாம் பிட்சருக்கு இன்னிங்ஸ் கணக்குதான். ஒரு இன்னிங்ஸ் எட்டுப் பந்திலும் முடியலாம், நாற்பது பந்தும் ஆகலாம், கணக்கில் இரண்டும் ஒன்றே. 2007-ல்தான் லிட்டில் லீக் பந்தையே எண்ண ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு 8 வயது வரை 50 பந்து, 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் கை ஓய்வு. வரம்பு வந்துவிட்டால் எதிரே நிற்கும் பேட்டரை முடித்துவிட்டுப் பந்தைக் கொடுத்துவிட வேண்டும்.

விதி புத்தகத்தில் சுலபம். ஆறாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, இரண்டு அவுட். பையன் பிரமாதமாக வீசிக்கொண்டிருக்கிறான். அவன் தாத்தா சேலத்திலிருந்து வந்து வேலிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார். எண்ணிக்கை 85. பயிற்சியாளர் டீம் உட்காரும் டக்அவுட்டிலிருந்து எழுந்து, பிட்சர் நிற்கும் மண்மேடான மவுண்டுக்கு நடக்கிறார். கையை நீட்டுகிறார். பையன் கண்ணில் நீர் முட்டுகிறது, பந்தைக் கொடுக்கிறான். அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு ஆள்தானே என்று கத்துகிறார். அடுத்து வரும் பிட்சர் மூன்று ரன் கொடுத்து ஆட்டம் கைநழுவுகிறது. பயிற்சியாளரைத் தவிர எல்லோருக்கும் கோபம். அந்தப் பையனின் முழங்கை இருபது வயதில் நன்றாக இருக்கும். அதற்காக அன்றைக்கு நடந்து வந்தவரை யாரும் தேடிப்பிடித்து நன்றி சொல்லப் போவதில்லை. நல்லபடியாக இருக்கும் முழங்கையை யார் கவனிக்கிறார்கள்?

கிரிக்கெட் அப்பாக்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. நேர் பேட்டில் ஆடு, பந்தைத் தரையோடு தட்டு என்று காரில் பாடம் எடுத்துவிட்டுப் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிடாதீர்கள். அதை மறக்கடிக்கப் பாவம் பயிற்சியாளர்களுக்கு ஒரு மணி நேரம் போகிறது.

பெஞ்சுக்கு வருவோம். டீமில் பன்னிரண்டு பேர் இருந்தால் களத்தில் ஒன்பது பேர். ஜெயிக்க வேண்டுமென்றால் நல்ல ஒன்பதை நிறுத்திவிட்டு மற்ற மூன்று பேருக்குச் சூரியகாந்தி விதை கொடுத்து உட்காரவைத்தால் போதும். லிட்டில் லீக் விதி அதற்கு விடாது. ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஒரு முறை பேட் பிடிக்க வேண்டும், ஆறு அவுட் விழும் வரை களத்தில் நிற்க வேண்டும். சாமர்த்தியக்காரர்கள் இதிலும் சந்து கண்டுபிடிப்பார்கள். கடைசி இரண்டு இன்னிங்ஸில் பந்தே வராத மூலையில் நிறுத்திவிடுவார்கள். பந்து வரும் இடத்தில், ஆட்டம் இழுபறியாக இருக்கும் நேரத்தில், பயந்த பிள்ளையை நிற்கவைக்கிறவர்தான் பயிற்சியாளர். முன்வரிசையில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

யார் விளையாடலாம் என்பதிலும் இதே கதைதான். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் 1950-ல் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி தலைமுடியைத் தொப்பிக்குள் மறைத்து, டப்பி என்று ஆண் பெயர் சொல்லிக்கொண்டு டீமில் சேர்ந்தாள். பிறகு உண்மையைச் சொன்னபோது பயிற்சியாளர் அவளை விலக்கவில்லை. தலைமையகம் என்ன செய்தது? அடுத்த வருடமே பெண்களுக்கு இடமில்லை என்று விதி எழுதியது. இது நடந்தபோது ஸ்டாட்ஸும் உள்ளேதான் இருந்தார், இரண்டு பெண்களின் அப்பா. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1972-ல் நம் ஹோபோக்கனில் மரியா பெப்பி என்ற சிறுமி, நண்பர்கள் பெயர் கொடுப்பதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீ ஏன் சேரவில்லை என்று கேட்டவர் பயிற்சியாளர் ஜிம் ஃபரீனா. அவளைச் சேர்த்தார், பிட்சராக நிறுத்தினார். மூன்று ஆட்டம். லீக்கின் அங்கீகாரத்தையே ரத்து செய்வோம் என்று தலைமையகம் மிரட்டியது. நூறு பிள்ளைகளின் ஆட்டம் நின்றுவிடும். அவளிடம் போய்ச் சொல்லும் வேலையும் ஃபரீனாவுக்குத்தான் வந்தது. வழக்கு நடந்தது. 1973-ல் சில்வியா பிரெஸ்லர் என்ற அதிகாரி சிறுமிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். 1974-ல் லிட்டில் லீக் கதவைத் திறந்தது. அதற்குள் மரியாவுக்கு 14 வயது, விளையாடும் வயது தாண்டிவிட்டது. நாற்பது வருடம் கழித்து, 2014-ல், பிலடெல்பியாவின் மோனே டேவிஸ் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தபோது நாடே பார்த்தது. மோனேவுக்குக் கைதட்டிய நேரத்தில் ஃபரீனா கேட்ட அந்தக் கேள்வியையும் நினைத்துக்கொண்டேன்.

பெரியவர்கள் ஆட்டத்தைக் கைப்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2001 போதும். பிராங்க்ஸ் டீமின் பிட்சர் ஒருவன் உலகத் தொடரில் எல்லோரையும் வாய்பிளக்கவைத்தான். பிறகு பார்த்தால் அவனுக்கு வயது 12 இல்லை, 14. பிறப்புச் சான்றிதழே மாற்றப்பட்டிருந்தது. டீமின் வெற்றிகள் எல்லாம் ரத்து. அவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சான்றிதழை மாற்றியது அவன் அல்ல.

இப்போது டிராவல் டீம் காலம். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி, வாரக் கடைசியில் மூன்று மாநிலம் சுற்றி, குளிர்காலத்தில் கூரைக்குள் பயிற்சி. சிலருக்கு அது சரிப்படும். ஆனால் நல்ல பிள்ளைகளை அது கொண்டுபோவதால் உள்ளூர் லீக்குகள் இளைக்கின்றன. இரண்டு டீமில் வீசும் பையனின் பந்துகளைக் கூட்டிக் கணக்குப் பார்க்க ஆளில்லை. இலவசமாக வேலை செய்யும் பயிற்சியாளரைவிடக் காசு வாங்குகிறவர் மேல் நமக்கு நம்பிக்கை அதிகம். இது எந்த ஊர்க் கணக்கோ, எனக்குப் புரியவில்லை.

கடைசியாக வேலையைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். வசந்தகாலப் பதிவு நடக்கிறது. பிள்ளைகளின் பெயர் நிறைய வந்திருக்கிறது, தொண்டர்களின் பெயர் வரவில்லை. எனக்கு பேஸ்பால் தெரியாதே, கிரிக்கெட்தானே தெரியும் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். மைதானத்தில் மண்ணைச் சமப்படுத்த வேண்டும், சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு ஆட்டத்திலும் பிட்சர் வீசும் பந்துகளை எண்ணி எழுத ஒருவர் கட்டாயம் வேண்டும். அதற்கு 85 வரை எண்ணத் தெரிந்தால் போதும், தமிழில் எண்ணினாலும் செல்லும். தொண்டர் படிவம் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும், பின்னணிச் சோதனையும் உண்டு. போன வருடம் கொடுத்தேனே என்று வாதாடாதீர்கள். படிவம் வாசலில், சாப்பாட்டுக் கூப்பன் கொடுக்கும் மேசையிலேயே வைத்திருக்கிறோம். முதலில் படிவம், அப்புறம் கூப்பன் என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.